கட்டுமானத்தில் முனைவர் பட்டம்: விண்ணப்பம் முதல் வாய்மொழித் தேர்வு வரை

கட்டடக் கட்டுமானத்தில் முனைவர் பட்டம் செய்ய வருபவர்களில் ஒரு பகுதியினர் முதுகலை முடித்த கையோடு வருகிறார்கள். மற்றவர்கள் சில ஆண்டுகள் சைட்டில் வேலை பார்த்துவிட்டு, அங்கே கண்ட சிக்கல்களுக்கு விடை தேடி வருகிறார்கள். இரு தரப்பினரும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இத்துறையில் ஆய்வுக்கு வேண்டிய தரவு பல்கலைக்கழகத்தின் கையில் இருப்பதில்லை. அது ஒப்பந்ததாரரிடமும் ஆலோசகரிடமும் கட்டட உரிமையாளரிடமும் இருக்கிறது. அவர்களுக்கு நம் ஆய்வேட்டால் உடனடி ஆதாயம் ஏதும் இல்லை. எனக்குத் தரவு தருவதாக வாக்களித்திருந்த ஒரு நிறுவனத்தில் திட்ட மேலாளர் மாற்றலாகிப் போனதும், அவருக்குப் பின் வந்தவர் அப்படியொரு பேச்சே தமக்குத் தெரியாது என்று கைவிரித்துவிட்டார். சேர்க்கை விதிகளைப் பல்கலைக்கழகங்களே விளக்கமாகத் தருகின்றன. அவற்றில் எழுதப்படாமல், ஆனால் ஆண்டுக்கணக்கில் காலத்தை விழுங்கும் விஷயங்களுக்கே கீழே அதிக இடம் தந்திருக்கிறேன்.

1. எந்தத் துறையின் கீழ் என்று முதலில் பாருங்கள்

ஒரே வகையான ஆய்வு வெவ்வேறு பெயர்ப்பலகைகளின் கீழ் நடக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் கட்டடக் கட்டுமானத்துக்கென்றே தனிப் பள்ளி (பல்கலைக்கழகத்துக்குள் ஒரு கல்விப் பிரிவு) உள்ளது. ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தில் கட்டடமும் ரியல் எஸ்டேட்டும் சேர்ந்து ஒரு துறை. பிரிட்டனின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை, கட்டடம், சிவில் மூன்றும் ஒரே பள்ளி. சென்னை ஐஐடியிலோ கட்டடத் தொழில்நுட்பமும் கட்டுமான மேலாண்மையும் சிவில் துறைக்குள் ஒரு பிரிவு. ஆகவே ‘கட்டுமானம்’ என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்துத் தேடினால் பொருத்தமான இடங்களில் பாதி கண்ணில் படாது.

பெயர்ப்பலகைக்கு இன்னொரு விளைவும் உண்டு. வடிவமைப்புப் புலத்தின் கீழ் பெறும் பட்டமும் பொறியியல் புலத்தின் கீழ் பெறும் பட்டமும் ஆய்வின் தரத்தில் சமமாக இருந்தாலும், பின்னாளில் பொறியியல் துறையில் ஆசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கும்போது தேர்வுக்குழு அந்த வேறுபாட்டைக் கேள்வியாக எழுப்பக்கூடும். பட்டத்துக்குப் பின் எங்கே வேலை தேடுவீர்கள் என்பதை இப்போதே யோசித்து, அங்கே உள்ள தகுதி விதிகளை ஒருமுறை வாசித்துவிட்டு வாருங்கள்.

படிப்பின் அமைப்பும் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் முதலில் பாடங்கள், பிறகு தகுதித் தேர்வு, அதன் பிறகே முழுநேர ஆய்வு. மொத்தம் 4 முதல் 6 ஆண்டுகள் ஆவது வழக்கம். பிரிட்டனில் 3 முதல் 4 ஆண்டுகள். ஆனால் விண்ணப்பிக்கும்போதே ஓரளவு முழுமையான ஆய்வு முன்மொழிவு கையில் இருக்க வேண்டும். நெதர்லாந்தில் முனைவர் பட்ட இடங்கள் பெரும்பாலும் நான்காண்டு ஊதியப் பணியாகவே விளம்பரப்படுத்தப்படுகின்றன, ஜெர்மனியில் டாக்டர்-இஞ்ச். என்ற பொறியியல் முனைவர் பட்டத்துக்கு வருபவர்களில் பலர் பேராசிரியரின் கீழ் ஆய்வுப் பணியாளராகவே சேர்கிறார்கள். எந்தக் கேள்வியை ஆராயப் போகிறோம் என்பது தெளிவாக இருப்பவருக்குப் பிரிட்டிஷ் முறை காலத்தை மிச்சப்படுத்தும். இன்னும் திசை தேடிக்கொண்டிருப்பவருக்கு, குறிப்பாகப் புள்ளியியலிலும் ஆய்வு முறையியலிலும் அடித்தளம் இல்லாத சைட் இன்ஜினியருக்கு, பாடங்களோடு கூடிய முறையே நல்லது என்பது என் கருத்து.

2. தலைப்பு எத்தனை மாதம் கேட்கும் என்று கணக்கிடுங்கள்

தலைப்பு புதுமையானதா என்று எல்லோரும் பார்க்கிறார்கள். அது உதவித்தொகை தீர்வதற்குள் முடியுமா என்று பார்ப்பவர்கள் குறைவு. கான்கிரீட்டின் வலிமையைப் பொதுவாக 28 நாளில் பார்க்கிறோம். ஆனால் நிலக்கரிச் சாம்பலோ இரும்பு ஊதுலைக் கசடோ சேர்த்த கலவை மெதுவாகவே வலுப்பெறும் என்பதால் 56, 90 நாள் முடிவுகளும் தேவைப்படும். கார-சிலிக்கா வினையை (சிமென்ட்டின் காரமும் ஜல்லியின் சிலிக்காவும் வினைபுரிந்து கான்கிரீட் விரிந்து வெடிப்பது) அமெரிக்கத் தர அமைப்பான ஏஎஸ்டிஎம்-இன் சி1293 முறைப்படி கான்கிரீட் பட்டகத்தில் சோதித்தால் ஓராண்டு ஆகும்; சாம்பல் போன்ற துணைப்பொருள் சேர்த்திருந்தால் இரண்டாண்டு ஆகும். சல்ஃபேட் தாக்கத்தால் ஏற்படும் விரிவை அளக்கும் சி1012 சோதனையும் மாதக்கணக்கில் ஓடி, சில கலவைகளுக்கு ஓராண்டைத் தாண்டும். நடுவில் ஒரு கலவை பிசகினால் கடிகாரம் மீண்டும் பூஜ்யத்திலிருந்து ஓடத் தொடங்கும். நீடித்துழைக்கும் தன்மையை ஆராய விரும்புபவர்கள் முதலாண்டு முடிவதற்குள் மாதிரிகளை வார்த்துவிட வேண்டும்.

மேலாண்மைத் தலைப்புகளிலும் இதே சிக்கல் வேறு உருவில் வரும். ஓர் உயர்மாடிக் கட்டடத்தை அடித்தளம் முதல் ஒப்படைப்பு வரை பின்தொடர்வது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த வேலை நம் கால அட்டவணைப்படி நகராது, நிதி நெருக்கடியில் நின்றும் போகலாம். அதைவிட, ஒரே கட்டடத்தில் திரும்பத் திரும்ப வரும் சுழற்சி ஒன்றைத் தேர்ந்தெடுப்பது மேல். ஷட்டரிங் அடித்து, கம்பி கட்டி, கான்கிரீட் போட்டு, பலகை பிரிக்கும் தளச் சுழற்சி மாடிக்கு மாடி மீண்டும் நிகழ்கிறது. முப்பது மாடிக் கட்டடம் ஒன்றில் சில மாதங்களிலேயே கணிசமான எண்ணிக்கையில் ஒப்பிடத்தக்க அவதானிப்புகள் கிடைத்துவிடும். நடுவில் வேலை நின்றாலும் அதுவரை கிடைத்ததை வைத்து ஓர் அத்தியாயம் எழுதலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘கட்டுமானத் தாமதத்துக்கான காரணங்கள்’ என்று ஒரு வினாத்தாள் தயாரித்து, ஐந்து புள்ளி அளவுகோலில் பதில் வாங்கி, ஒப்பீட்டு முக்கியத்துவக் குறியீட்டால் வரிசைப்படுத்தும் ஆய்வுகள் ஏற்கெனவே ஏராளம். அவை எளிதாகத் தோன்றுவதால் புதியவர்கள் அங்கே போய் விழுகிறார்கள். ஆனால் அந்தப் பட்டியலைக் கண்டு சலித்துப்போன மதிப்பீட்டாளரிடம் புதிதாக என்ன சொன்னோம் என்று விளக்குவது கடினம். வினாத்தாள் ஒரு துணைக் கருவியாக இருக்கட்டும். ஆய்வு முழுவதையும் அதன் தலையில் ஏற்றாதீர்கள்.

3. நெறியாளருக்கு எழுதுங்கள்

விண்ணப்பக் கெடுவுக்கு மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு முன்பே எழுதுவது நல்லது. இலையுதிர் பருவச் சேர்க்கைக்கான அமெரிக்கக் கெடுக்கள் பெரும்பாலும் டிசம்பரிலும் ஜனவரியிலும் வருவதால், அங்கே ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் எழுதத் தொடங்கலாம். மின்னஞ்சல் ஒரு திரைக்குள் அடங்கட்டும்: என்ன கேள்வி, என்ன தரவு, அந்தத் தரவு எங்கிருந்து கிடைக்கும், அவருடைய எந்தக் கட்டுரையோடு அது தொடர்புடையது. ‘தங்கள் புகழ்பெற்ற ஆய்வுக்குழுவில்’ என்று தொடங்கும் மின்னஞ்சல்கள் அவர்களுக்கு நாள்தோறும் வருகின்றன.

அவர் பேசச் சம்மதித்தால், நாமும் கேட்க வேண்டியவை உண்டு. உதவித்தொகை எத்தனை ஆண்டுக்கு உறுதி? இப்போது எத்தனை மாணவர்கள் அவரிடம் இருக்கிறார்கள்? கடைசியாகப் பட்டம் வாங்கியவர் எத்தனை ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்? அவர் ஓய்வு பெறவோ வேறு பல்கலைக்கழகத்துக்குப் போகவோ வாய்ப்பு உண்டா? கடைசிக் கேள்வியை நேரடியாகக் கேட்கக் கூச்சமாக இருந்தால், இணை நெறியாளர் ஒருவரை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டால் பதில் தானாக வந்துவிடும். அவருடைய இப்போதைய மாணவர் ஒருவரிடம் தனியே பேசாமல் எந்த இடத்தையும் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

4. ஆவணங்கள்

மதிப்பெண் பட்டியல்கள், பட்டச் சான்றிதழ்கள், பரிந்துரைக் கடிதங்கள், நோக்க அறிக்கை, ஆய்வு முன்மொழிவு, தன்விவரக் குறிப்பு, ஆங்கிலத் தேர்வு முடிவு ஆகியவற்றில் பெரும்பாலானவற்றை எல்லா இடங்களிலும் கேட்பார்கள். டோஃபல், ஐஇஎல்டிஎஸ் ஆகிய ஆங்கிலத் தேர்வுகளின் முடிவுகள் இரண்டாண்டுகளுக்கும், மேற்படிப்புச் சேர்க்கைத் தேர்வான ஜிஆர்இ-யின் முடிவு ஐந்தாண்டுகளுக்கும் செல்லும். சேர்க்கை ஒரு பருவம் தள்ளிப்போனால் ஆங்கிலத் தேர்வை மீண்டும் எழுத நேரலாம் என்பதால், அதை மிக முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டாம். ஜிஆர்இ-யைப் பல துறைகள் இப்போது கட்டாயமாக்குவதில்லை. கட்டணம் கட்டும் முன் அந்தந்தத் துறையின் பக்கத்தில் சரிபாருங்கள்.

அதிகமாகக் காலதாமதம் செய்வது அதிகாரபூர்வ மதிப்பெண் பட்டியல்தான். படித்த பல்கலைக்கழகத்திலிருந்து முத்திரையிட்ட உறையில் அனுப்பச் சொல்லும் இடங்களில், அந்த அலுவலகம் எடுத்துக்கொள்ளும் வாரங்கள் நம் கட்டுப்பாட்டில் இல்லை. பாஸ்போர்ட், பட்டம், தேர்வுப் பதிவு மூன்றிலும் பெயர் ஒரே எழுத்துக்கோவையில் இருக்கிறதா, முதலெழுத்து ஓரிடத்தில் விரிந்தும் ஓரிடத்தில் சுருங்கியும் இருக்கிறதா என்பதை எதையும் பதிவு செய்யும் முன்பே பார்த்துவிடுங்கள். பின்னால் திருத்துவதற்கு உறுதிமொழிப் பத்திரமும் கூடுதல் கட்டணமும் தேவைப்படும்.

சைட் அனுபவம் உள்ளவர்கள் பணிச்சான்றிதழை வேலையை விடும் முன்பே வாங்கிக்கொள்ள வேண்டும். கட்டுமான நிறுவனங்கள் மூடப்படுவதும் பெயர் மாறுவதும் அரிதல்ல. ‘இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை பணிபுரிந்தார்’ என்ற ஒற்றை வரிச் சான்றிதழால் பெரிய பயன் இல்லை. திட்டத்தின் வகை, அளவு, அதில் உங்கள் பொறுப்பு ஆகியவை இடம்பெற வேண்டும். பரிந்துரைப்பவர்களில் ஒருவர் தொழில்துறையைச் சேர்ந்தவராக இருக்கலாம், ஆனால் எல்லோரும் அப்படி இருக்கக் கூடாது. உங்களால் ஆய்வு செய்ய முடியும் என்று சொல்ல ஒரு பேராசிரியராவது தேவை. பல தளங்கள் பரிந்துரைப்பவரின் நிறுவன மின்னஞ்சல் முகவரியைத்தான் ஏற்க விரும்புகின்றன. தொழில்துறையினரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

5. பணக் கணக்கு

கல்விக் கட்டணம், வாழ்க்கைச் செலவு இரண்டையும் எல்லோரும் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். உதவித்தொகைக் கடிதத்தை வாசிக்கும்போது மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: கட்டண விலக்கு முழுமையானதா, இல்லை ‘இதரக் கட்டணங்கள்’ நம் தலையில் விழுகின்றனவா, கோடை மாதங்களுக்கும் தொகை உண்டா, மருத்துவக் காப்பீடு அடங்குமா. உதவித்தொகை மூன்று ஆண்டுக்கும் படிப்பு நான்கு ஆண்டுக்கும் என்று இருந்தால், அந்த நான்காம் ஆண்டுதான் ஆய்வேடு எழுதும் ஆண்டு. அதற்கு யார் பணம் தருவார்கள் என்பதைச் சேரும்போதே எழுத்தில் கேளுங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பல, நிதியுதவியோடு கூடிய இடத்தை ஏற்பதா வேண்டாமா என்று சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம் தரும் பொது உடன்பாட்டில் கையெழுத்திட்டுள்ளன. அதற்கு முன் அவசரப்படுத்தினால் இதை நயமாகச் சுட்டிக்காட்டலாம்.

கணக்கில் வராமல் போகும் செலவுகள் இத்துறைக்கே உரியவை. சைட்டுக்குப் போய்வரும் பயணம், பாதுகாப்புக் காலணியும் தலைக்கவசமும், பாதுகாப்புப் பயிற்சிக் கட்டணம், வெளி ஆய்வகச் சோதனைக் கட்டணம், சிமென்ட், ஜல்லி, ரசாயனக் கலவைப் பொருள்கள், நேர்காணல் ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கும் செலவு என்று அவை நீளும். மென்பொருளில் ஓரளவு தப்பிக்கலாம்: ஆட்டோடெஸ்க் தன் மென்பொருள்களை மாணவர்களுக்கு இலவசமாகத் தருகிறது. திட்ட அட்டவணை மென்பொருளுக்குப் பல்கலைக்கழக உரிமம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவையுங்கள்.

6. தரவு அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்

முழு வழிகாட்டியிலும் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். நிறுவனத்தில் உங்களுக்குத் தெரிந்தவர் ‘வாங்க, பார்த்துக்கலாம்’ என்று சொல்வது அனுமதி ஆகாது. அவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆனால் தரவைத் தரும் அதிகாரம் பெரும்பாலும் அவரிடம் இல்லை, ஒப்பந்தப்படி அந்த ஆவணங்கள் உரிமையாளருக்குச் சொந்தமாகவும் இருக்கலாம். ஆய்வு முன்மொழிவைக் குழு மதிப்பிடும் தேர்வுக்கு முன்பே, நிறுவனத்தில் கையெழுத்திடும் அதிகாரம் உள்ளவரிடமிருந்து கடிதம் வாங்குங்கள். அது தனிமனிதரின் பெயரில் அல்லாமல் பதவியின் பெயரில் இருந்தால், ஆள் மாறினாலும் கடிதம் நிற்கும். இரண்டாவதாக இன்னொரு நிறுவனத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் நம்பி இறங்குவது மண் பரிசோதனை செய்யாமல் அடித்தளம் தோண்டுவதற்குச் சமம்.

ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திடச் சொன்னால், நீங்களாகக் கையெழுத்திட வேண்டாம். பல்கலைக்கழகத்தின் சட்டப் பிரிவுக்கு அனுப்புங்கள். அதற்குச் சில மாதங்கள்கூட ஆகலாம் என்பதைக் கால அட்டவணையில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியவை: ஆய்வேடும் கட்டுரைகளும் வெளியிடும் உரிமை, நிறுவனம் வெளியீட்டைப் பார்வையிட ஒரு குறிப்பிட்ட கால வரம்பு, அந்த வரம்புக்குள் பதில் வராவிட்டால் சம்மதமாகக் கொள்ளப்படும் என்ற வரி, நிறுவனத்தின் பெயரையும் திட்டத்தின் பெயரையும் மறைக்கும் முறை. ‘நிறுவனத்தின் முன் அனுமதியின்றி எதையும் வெளியிடக் கூடாது’ என்ற வாசகம் கால வரம்பு இல்லாமல் இருந்தால், அந்தத் தரவைத் தொடாமல் இருப்பதே மேல்.

எந்த வடிவில் கேட்பது என்பதும் முக்கியம். திட்ட அட்டவணையைக் கேட்டால் பெரும்பாலும் பிடிஎஃப் ஆகத் தருவார்கள். அதில் பணிகளுக்கு இடையிலான தொடர்பு இருக்காது, பட்டைகள் மட்டுமே இருக்கும். பிரைமவேரா என்ற அட்டவணை மென்பொருளைப் பயன்படுத்தும் இடங்களில், தொடர்புகளும் அடங்கிய எக்ஸ்இஆர் கோப்பாகக் கேளுங்கள். முதல் அட்டவணையும் கடைசி அட்டவணையும் மட்டும் போதாது. மாதந்தோறும் புதுப்பித்த ஒவ்வொன்றும் வேண்டும், ஏனென்றால் தாமதம் எப்போது உருவானது என்பதை இடையில் உள்ளவைதான் காட்டும்.

கிடைத்த பிறகு அதைச் சந்தேகத்தோடு வாசியுங்கள். பல பணிகளின் உண்மையான தொடக்கத் தேதி, அட்டவணை புதுப்பிக்கப்பட்ட அதே நாளாக இருந்தால், அது நடந்த நாள் அல்ல, பதிவு செய்த நாள். சைட் தினப்பதிவேட்டில் ஆள் எண்ணிக்கை நாள்தோறும் ஒரே மாதிரி, ஒரே மையில், ஒரே கையெழுத்தில் இருந்தால், வாரக் கடைசியில் மொத்தமாக உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். கான்கிரீட் கியூப் பதிவேட்டில் எல்லா முடிவுகளும் தேவையான வலிமைக்குச் சற்று மேலே மட்டும் வரிசையாக நின்றால், அந்தப் பதிவேட்டைப் புள்ளியியலுக்குக் கொண்டுபோகும் முன் சோதனை செய்தவரிடம் பேசுங்கள். சைட்டில் வேலை பார்த்தவருக்கு இதெல்லாம் ஒரே பார்வையில் தெரியும். அந்த அனுபவம் முனைவர் பட்டத்தில் உண்மையில் கைகொடுக்கும் இடம் இதுதான்.

7. நெறிமுறை ஒப்புதலும் சைட் நுழைவும்

தொழிலாளர்களையோ பொறியாளர்களையோ நேர்காணல் செய்வதானால், வீடியோ எடுப்பதானால், உடலில் உணர்கருவி அணிவித்து அளப்பதானால், தரவு சேகரிக்கும் முன்பே பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தேவை. ஒப்புதலுக்கு முன் சேகரித்ததைப் பிறகு பயன்படுத்த முடியாமல் போகலாம். குழு கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: மேஸ்திரி பக்கத்தில் நிற்கும்போது ஒரு தொழிலாளி ‘முடியாது’ என்று சொல்ல முடியுமா? சம்மதப் படிவத்தைத் தொழிலாளர்கள் பேசும் மொழியில் தயாரியுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் எப்படிச் சம்மதம் பெறுவீர்கள் என்பதையும் விண்ணப்பத்திலேயே எழுதிவிட்டால், அது திருத்தத்துக்குத் திரும்பி வரும் வாய்ப்பு குறையும்.

சைட்டுக்குள் போகப் பல நாடுகளில் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று கேட்பார்கள்: அமெரிக்காவில் பெரும்பாலும் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் 10 மணி நேரப் பயிற்சி, பிரிட்டனில் கட்டுமானத் திறன் சான்றான சிஎஸ்சிஎஸ் அட்டை. பல்கலைக்கழகக் காப்பீடு வெளிக்களப் பணிக்குப் பொருந்துகிறதா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

8. ஆய்வகப் பணி

பொருள் சார்ந்த ஆய்வு செய்பவர்களுக்கு மட்டும் இது. முழு ஆய்வுக்கும் வேண்டிய சிமென்ட்டை ஒரே தயாரிப்புத் தொகுதியிலிருந்து ஒரே சமயத்தில் வாங்கி, காற்றுப் புகாமல் அடைத்துவையுங்கள். தொகுதி மாறினால் முடிவு மாறியதற்குக் காரணம் உங்கள் கலவையா சிமென்ட்டா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அழுத்தச் சோதனை இயந்திரத்தின் அளவுத்திருத்தச் சான்றிதழைப் படியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வார்க்கும் நாளைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். 7, 28, 56 ஆகியவை ஏழின் மடங்குகள் என்பதால் எந்தக் கிழமையில் வார்த்தோமோ அதே கிழமையில்தான் சோதனையும் வரும். 90 அப்படியல்ல, திங்கட்கிழமை வார்த்தால் தொண்ணூறாம் நாள் ஞாயிற்றுக்கிழமையில் விழும், ஆய்வகம் பூட்டியிருக்கும். செவ்வாய் முதல் வெள்ளி வரையிலான நாள்களில் வார்த்துவிடுங்கள், அல்லது 91 நாள் என்று முன்மொழிவிலேயே எழுதிவிடுங்கள்.

9. கட்டுரைகள்

சில பல்கலைக்கழகங்கள் ஆய்வேட்டுக்கு முன் ஆய்விதழ்க் கட்டுரை கேட்கின்றன; சில கேட்பதில்லை. எப்படியிருந்தாலும் மதிப்பீட்டுக்கு மாதங்கள் ஆகும் என்பதால், முதல் கட்டுரையைப் படிப்பின் நடுப்பகுதி ஆண்டிலேயே அனுப்பிவிட வேண்டும். அமெரிக்க சிவில் பொறியாளர் சங்கமான ஏஎஸ்சிஇ வெளியிடும் கட்டுமானப் பொறியியல், மேலாண்மை ஆய்விதழ் திட்டம், உற்பத்தித்திறன் சார்ந்தவற்றுக்கும், ‘ஆட்டோமேஷன் இன் கன்ஸ்ட்ரக்ஷன்’ பிம் (கட்டடத் தகவல் மாதிரியாக்கம்), உணர்கருவி, ரோபோ போன்றவற்றுக்கும், ‘கன்ஸ்ட்ரக்ஷன் மேனேஜ்மென்ட் அண்ட் எகனாமிக்ஸ்’ நிறுவனம், மனிதர்கள், கோட்பாடு சார்ந்தவற்றுக்கும் பொருந்தும். பொருந்தாத இதழுக்கு அனுப்பினால் மதிப்பீட்டுக்கே போகாமல் திரும்பும். கருத்தரங்குகளில் கட்டுமான மேலாண்மைக்கான ஆர்காம், விரயத்தைக் குறைக்கும் லீன் கட்டுமானத்துக்கான ஐஜிஎல்சி, தானியக்கத்துக்கும் ரோபோவுக்குமான ஐசார்க் ஆகியவை ஆண்டுதோறும் நடக்கின்றன. அங்கே கிடைக்கும் விமர்சனம் ஆய்விதழில் நேரும் நிராகரிப்பைத் தவிர்க்க உதவும். சில நாள்களில் ஏற்பு என்று உறுதி தந்து பணம் கேட்கும் இதழ்களுக்குப் பதிலே எழுத வேண்டாம்.

10. ஆய்வேடும் வாய்மொழித் தேர்வும்

எழுதுவதற்கு நிதானமான ஆறு மாதங்களையாவது ஒதுக்குங்கள். பிறர் எழுத்தை நகலெடுத்திருக்கிறோமா என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனையில் உங்கள் சொந்தக் கட்டுரைகளோடுள்ள ஒப்புமையும் விழுக்காட்டில் சேரும். ஆகவே எந்த அத்தியாயம் எந்தக் கட்டுரையிலிருந்து வந்தது என்பதை முன்பக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள். கட்டுரையில் வந்த படங்களை மீண்டும் பயன்படுத்தப் பதிப்பகத்தின் அனுமதி தேவையா என்றும் பாருங்கள். ரகசியக் காப்பு ஒப்பந்தம் இருந்தால், நூலகத்தில் ஆய்வேடு பொதுவெளிக்கு வருவதைச் சில காலம் தள்ளிவைக்கும் படிவத்தைச் சமர்ப்பிப்பின்போதே நிரப்ப வேண்டும். பதிவேற்றிய பிறகு திரும்பப் பெறுவது மிகவும் சிரமம்.

வாய்மொழித் தேர்வில் இத்துறையினரிடம் தவறாமல் வரும் கேள்வி, ‘ஒரே கட்டடத்தில் பார்த்ததை வேறு கட்டடங்களுக்கு எப்படிப் பொருத்துவீர்கள்?’ என்பதே. எந்த நிலைமைகளில் பொருந்தும், எவற்றில் பொருந்தாது என்று எல்லையை நீங்களே முதலில் வரையறுத்துச் சொன்னால் விவாதம் உங்கள் கையில் இருக்கும். சிறு திருத்தங்களோடு தேர்ச்சி என்பது வழக்கமான முடிவு. திருத்தங்களுக்குத் தரும் அவகாசம் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். தேர்வாளர் சொன்னவற்றை அட்டவணையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எந்தப் பக்கத்தில் என்ன மாற்றினீர்கள் என்று காட்டி அனுப்புங்கள். பட்டமளிப்பு விழா மாதங்கள் தள்ளி இருக்கலாம். வேலைக்கோ விசாவுக்கோ அவசரம் இருந்தால், எல்லாத் தேவைகளையும் நிறைவு செய்தார் என்று சொல்லும் நிறைவுச் சான்றுக் கடிதத்தைப் பதிவாளர் அலுவலகத்தில் உடனே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.